ஸ்லாமர்: பாஸ்வேர்ட் கேட்பதற்கு முன்பே விழுந்த தரவுத்தள சர்வர்கள்

2003 ஜனவரி 25, சனிக்கிழமை. கிரீன்விச் நேரப்படி காலை ஐந்தரை மணிவாக்கில், ஸ்லாமர் என்ற, 376 பைட் அளவே உள்ள ஒரு புழு (தன்னைத் தானே நகலெடுத்துப் பரவும் நிரல்) இணையத்தில் பரவத் தொடங்கியது. அதன் இலக்கு மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருள். தாக்கக்கூடிய நிலையில் இருந்த சர்வர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பத்தே நிமிடத்தில் அதன் பிடிக்குள் வந்துவிட்டன. குறைந்தது 75,000 இயந்திரங்கள் பாதிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் புழு ஒரு பாஸ்வேர்டைக்கூட உடைக்கவில்லை, எந்தத் தரவுத்தளத்திலும் லாகின் செய்யவில்லை, தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு வரிக் கட்டளைகூட அனுப்பவில்லை.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "பேட்ச் ஆறு மாதம் முன்னாடியே வந்துடுச்சு, போடாதவங்க மாட்டினாங்க." பேட்ச் என்பது மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம். தேதிக் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த வரி இரண்டு முக்கியமான கேள்விகளை மூடி மறைக்கிறது. தரவுத்தளத்தின் உள்ளே நுழையாமலேயே அதை வீழ்த்த முடிந்தது எப்படி? பேட்ச் கையில் இருந்தும் இத்தனை ஆயிரம் பேர் அதைப் போடாமல் விட்டது ஏன்? இந்த இரண்டுக்கும் பதில் தேடாமல் ஸ்லாமரை அட்மின்களின் அலட்சியம் என்று எழுதி வைத்தால், அடுத்த ஓட்டையும் அதே இடத்தில்தான் வரும். வரவும் செய்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

1434 என்ற போர்ட் ஏன் இருந்தது

எஸ்கியூஎல் சர்வர் 2000-ல் ஒரு புதிய வசதி வந்தது. ஒரே இயந்திரத்தில் எஸ்கியூஎல் சர்வரின் பல பிரதிகளை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்து, ஒரே நேரத்தில் ஓட்டலாம். இவற்றை இன்ஸ்டன்ஸ் என்பார்கள். ஒரு இயந்திரத்தில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்தான் போர்ட். பெயரில்லாத முதல் இன்ஸ்டன்ஸ் வழக்கம்போல டிசிபி (முதலில் இணைப்பு ஏற்படுத்தி, பிறகு தரவை அனுப்பும் முறை) 1433-ல் காத்திருக்கும். பெயர் வைத்த மற்றவை எந்த போர்ட்டில் இருக்கும் என்பது முன்கூட்டியே நிச்சயமில்லை. அப்படியானால் ஒரு கிளையன்ட் தனக்கு வேண்டிய இன்ஸ்டன்ஸை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்காகத்தான் ரிசல்யூஷன் சர்வீஸ் என்ற துணைச் சேவையைச் சேர்த்தார்கள். பெரிய கட்டடத்தின் வாசலில் இருக்கும் விசாரணை மேசை மாதிரி அது. யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் எனும் தகவல் துண்டை அனுப்பும் முறை) 1434-ல் உட்கார்ந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் "அந்த இன்ஸ்டன்ஸ் இந்த போர்ட்டில் இருக்கிறது" என்று பதில் சொல்லும். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காது, பார்க்கவும் முடியாது. லாகின் செய்வதற்கு முன்னால் நடக்கும் உரையாடல் அது. கிளையன்டுக்கு இன்னும் முகவரியே தெரியாதபோது பாஸ்வேர்ட் எங்கிருந்து வரும்?

இந்த வடிவமைப்பைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். இப்படி ஒரு வழிகாட்டும் சேவை கட்டாயம் தேவைப்படும். ஆனால் அடையாளம் கேட்காமல் எல்லோருக்கும் பதில் சொல்லும் ஒரு நிரல், அந்த சர்வரிலேயே அதிகக் கவனத்துடன் எழுதப்பட வேண்டிய நிரல். இங்கே நடந்தது நேர்மாறு. தரவுத்தள எஞ்சினுக்கும் அனுமதி முறைக்கும் கிடைத்த கவனம் இந்தத் துணைச் சேவைக்குக் கிடைக்கவில்லை. அதோடு, இந்தச் சேவை தனியாக, குறைந்த உரிமையோடு ஓடவில்லை. எஸ்கியூஎல் சர்வரின் ப்ராசஸுக்கு உள்ளேயே, அதற்கு இருந்த எல்லா உரிமைகளோடும் ஓடியது. விசாரணைச் சேவையைப் பிடித்தவன் தரவுத்தளத்தையே பிடித்தவன் ஆகிறான்.

ஒரு பைட், அதன் பின்னே ஒரு நீளமான பெயர்

ஓட்டையைக் கண்டுபிடித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் லிட்ச்ஃபீல்ட். தரவுத்தள சர்வர்களின் ஓட்டைகளைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர். அவர் அந்தச் சேவைக்கு வெவ்வேறு மதிப்புள்ள ஒற்றை பைட்டுகளை அனுப்பி, அது என்ன செய்கிறது என்று பார்த்தார். ஒன்றல்ல, மூன்று பிரச்சினைகள் வெளியே வந்தன.

பாக்கெட்டின் முதல் பைட் 4 என்றால், அடுத்து வருவதை ஓர் இன்ஸ்டன்ஸின் பெயர் என்று சேவை எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரை நடுவில் வைத்து, அமைப்புத் தகவல்களைச் சேர்த்து வைக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் திறக்க வேண்டிய பாதையை ஒரு சரமாகக் கட்டும். அந்தச் சரத்துக்காக ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன்கள் தற்காலிகத் தரவை வைக்கும் நினைவகப் பகுதியில், ஒதுக்கியிருந்த இடம் குறிப்பிட்ட அளவுதான். வந்த பெயரின் நீளம் அதற்குள் அடங்குமா என்று யாரும் சரிபார்க்கவில்லை. பெயர் நீளமாக இருந்தால் இடம் வழிந்து, ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் முகவரியின் மேலேயே எழுதிவிடும். பஃபர் ஓவர்ஃப்ளோ வகையில் மிகப் பழைய, பாடப்புத்தகத்தில் முதல் பாடமாக வரும் தவறு இது. ஸ்டாக்கில் கிடக்கும் தரவை நிரலாக ஓடவிடாமல் தடுக்கும் வசதி அன்றைய விண்டோஸில் இல்லை. அதனால் திரும்பும் முகவரியை மாற்றினாலே போதும், அனுப்பிய பாக்கெட்டே நிரலாக ஓடும்.

முதல் பைட் 8 என்றால் ஹீப் என்ற இன்னொரு நினைவகப் பகுதியில் இதேபோல ஒரு வழிதல். மூன்றாவது பிரச்சினை வேறு மாதிரி. முதல் பைட் 10 என்றால் சேவையும் அதே 10-ஐத் திருப்பி அனுப்பும். ஓர் எஸ்கியூஎல் சர்வரின் முகவரியைப் போலியாக அனுப்புநர் இடத்தில் போட்டு, இன்னொரு எஸ்கியூஎல் சர்வருக்கு இந்த ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போதும். இரண்டும் ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

2002 ஜூலை 24 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்02-039 என்ற அறிவிப்போடு பேட்சை வெளியிட்டது. ஸ்டாக் ஓட்டைக்கு சிவிஇ-2002-0649 என்ற எண் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்). அதற்குச் சில நாட்கள் கழித்து லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் லிட்ச்ஃபீல்ட் அந்த ஓட்டையை விளக்கி, மாதிரி நிரலையும் காட்டினார். ஆறு மாதம் கழித்து வந்த புழு அந்த மாதிரியை அடியொற்றி எழுதப்பட்டிருந்தது என்பதை அவரே பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். மாதிரி நிரலை வெளியிடுவது சரியா என்ற விவாதம் அப்போது சூடாக நடந்தது. இந்த ஓட்டையைப் பொறுத்தவரை, அறிவிப்பைப் படித்த திறமையான ஒருவர் மாதிரி இல்லாமலும் இதை எழுதியிருக்க முடியும் என்றே நான் நினைக்கிறேன். ஓவர்ஃப்ளோ அவ்வளவு எளிமையானது. மாதிரி கொஞ்சம் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும், அவ்வளவுதான்.

புழு செய்த ஒரே வேலை

ஸ்லாமரின் நிரலைப் பிரித்துப் பார்த்தால், அதன் சிக்கனம் பயமுறுத்துகிறது. சர்வரோடு சேர்ந்து ஏற்றப்படும் எஸ்கியூஎல்சார்ட் என்ற டிஎல்எல்லில் (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்பு), ஸ்டாக்குக்குத் தாவச் சொல்லும் ஒரு கட்டளை இருக்கும் இடத்தைத் திரும்பும் முகவரியாகப் போட்டிருந்தார்கள். தேவையான விண்டோஸ் ஃபங்ஷன்களின் முகவரிகளையும் அதே டிஎல்எல்லின் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு சாக்கெட்டைத் திறக்கும். இயந்திரம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற எண்ணைக் கேட்டு, அதை விதையாக வைத்து ஓர் எதேச்சையான ஐபி முகவரியை உண்டாக்கும். தன்னையே அந்த முகவரியின் 1434-க்கு அனுப்பும். மறுபடி ஒரு முகவரி, மறுபடி அனுப்புதல். இந்தச் சுற்று நிற்கவே நிற்காது.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பைக்கூட அது எழுதவில்லை. நினைவகத்தில் மட்டும் வாழ்ந்தது. சர்வரை மறுபடி தொடங்கினால் போய்விடும், ஆனால் பேட்ச் போடாத சர்வர் நெட்வொர்க்கில் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடி தொற்றிக்கொள்ளும். தரவை அழிக்கவில்லை, திருடவில்லை. அதற்கான உரிமை அதனிடம் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. அந்தக் காலத்தில் எஸ்கியூஎல் சர்வரை இயந்திரத்தின் உச்ச உரிமையிலேயே ஓட்டிய இடங்கள் ஏராளம். 75,000 தரவுத்தள சர்வர்களில் நுழைந்த நிரல் ஒரு டேபிளைக்கூடத் தொடாமல் விட்டதற்கு, எழுதியவர் அப்படி எழுதவில்லை என்பது மட்டுமே காரணம். அந்த எழுதியவர் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை.

வேகத்துக்கு வருவோம். 2001 ஜூலையில் பரவிய கோட் ரெட் புழு டிசிபி வழியாகப் பரவியது. ஒவ்வொரு இலக்கோடும் முதலில் இணைப்பு ஏற்படுத்தி, பதிலுக்குக் காத்திருந்து, பிறகுதான் தன்னை அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவை இரட்டிப்பாக அதற்கு ஏறத்தாழ 37 நிமிடம் ஆனது. ஸ்லாமர் யூடிபியில் ஒரே பாக்கெட்டாகப் போனது. முகவரி போன்றவை அடங்கிய தலைப்புகளையும் சேர்த்து 404 பைட். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. தன் இணைப்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஆரம்பத்தில் அது எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. மூன்றே நிமிடத்தில் உலகம் முழுக்க விநாடிக்கு ஐந்தரைக் கோடி பாக்கெட்டுகளுக்கு மேல் அனுப்பும் உச்ச வேகத்தை எட்டியது. ஒரே இயந்திரம் விநாடிக்கு 26,000 வரை அனுப்பியது பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் வேகம் கூடாததற்கு யாரும் தடுத்தது காரணமல்ல. இணையத்தின் குழாய்கள் நிரம்பிவிட்டன.

எதேச்சை எண் உண்டாக்கும் பகுதியில் புழுவை எழுதியவர் ஒரு பிழையும் விட்டிருந்தார். அதனால் ஒவ்வொரு பிரதியும் எல்லா முகவரிகளையும் தொடாமல் சில வட்டங்களுக்குள்ளேயே சுற்றியது. ஆனால் ஆயிரக்கணக்கான பிரதிகள் வெவ்வேறு விதைகளோடு கிளம்பியதால், மொத்தத்தில் அந்தப் பிழை யாரையும் காப்பாற்றவில்லை.

தொட்ட இடங்கள்

தென்கொரியாவில் அப்போது சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி. நாட்டின் இணையச் சேவை பல மணி நேரம் முடங்கியது. அந்த நாளையே ஒரு பெயராக வைத்து இன்றும் அங்கே குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் 13,000 ஏடிஎம்களில் பெரும்பாலானவற்றில் வாடிக்கையாளர்கள் பணம் எடுக்க முடியவில்லை. கான்டினென்டல் ஏர்லைன்ஸின் சில விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின. சியாட்டில் அருகே பெல்வியூவில் அவசர உதவி அழைப்பு மையத்தின் கணினிகள் நின்றுபோக, ஊழியர்கள் அழைப்புகளைக் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள்.

இவற்றில் நான் அதிகம் யோசிப்பது ஒஹையோவில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தைப் பற்றி. அந்த நிலையத்தின் ஃபயர்வால் 1434-ஐத் தடுத்திருந்தது. அதாவது அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார்கள். ஆனால் ஓர் ஒப்பந்ததாரரின் நெட்வொர்க்கிலிருந்து நிறுவனத்தின் உள் நெட்வொர்க்குக்கு ஒரு தனி டி1 இணைப்பு இருந்தது. அது ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. ஒப்பந்ததாரரின் சர்வரில் தொற்றிய புழு அந்த வழியாக நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கும், அங்கிருந்து நிலையத்தின் நெட்வொர்க்குக்கும் போனது. அங்கே பேட்ச் போடாத ஒரு சர்வர் இருந்தது. அந்த பேட்ச் வெளிவந்த விஷயமே நிலையத்தின் கணினிப் பிரிவுக்குத் தெரியாது. உள் நெட்வொர்க் நெரிசலில் திணறி, பாதுகாப்பு அளவீடுகளைத் திரையில் காட்டும் அமைப்பு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. நிலையச் செயல்பாட்டுக் கணினி ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றது. அணு உலை வேறொரு கோளாறு காரணமாக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கணினி இல்லாமலே இயங்கும் மாற்று அளவீட்டுக் கருவிகளும் இருந்தன. அதனால் ஆபத்து எதுவும் நேரவில்லை.

கவனியுங்கள், அந்தக் காட்சி அமைப்பை முடக்க அதன் கணினிக்குள் புழு நுழைய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு சர்வர் தொற்றினால் போதும், நெட்வொர்க் நிரம்பிவிடும். முறையாக பேட்ச் போட்டவர்களும் அன்று பாதிக்கப்பட்டது இப்படித்தான். தன் சர்வரைத் தான் சரியாக வைத்திருந்தால் போதும் என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை.

பேட்ச் இருந்தும் ஏன் போடவில்லை

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்பேன். இதற்கு அலட்சியம் என்ற ஒற்றைச் சொல் போதாது.

முதலில், எஸ்கியூஎல் சர்வர் தங்களிடம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள். எம்எஸ்டிஇ என்று ஒரு சிறிய, இலவசப் பதிப்பு இருந்தது. உள்ளே இருப்பது அதே எஞ்சின், அதே ரிசல்யூஷன் சர்வீஸ். மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் தயாரிப்புக்குள் அதை வைத்து விற்கலாம். விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட், ஆஃபிஸ் எக்ஸ்பி டெவலப்பர் போன்ற மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தயாரிப்புகளோடும் அது வந்தது. வைரஸ் தடுப்பு மேலாண்மை, கணக்கியல் என்று பிற நிறுவனங்களின் எத்தனையோ மென்பொருட்களுக்குள்ளும் இருந்தது. எம்எஸ்டிஇயோடு மேலாண்மைத் திரைகள் எதுவும் வராது. ஒரு நிரலை நிறுவியவர், அதனோடு ஒரு தரவுத்தள சர்வரும் வந்து உட்கார்ந்து 1434-ல் உலகத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று எப்படி அறிவார்? "எஸ்கியூஎல் சர்வருக்கான அவசர பேட்ச்" என்ற அறிவிப்பைப் படித்தாலும், அது தனக்கில்லை என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, தெரிந்தவர்களின் நிலை. எம்எஸ்02-039 தானாக நிறுவிக்கொள்ளும் பேட்ச் அல்ல. சர்வரை நிறுத்த வேண்டும், பழைய டிஎல்எல்லைப் பெயர் மாற்றி வைக்க வேண்டும், புதியதைச் சரியான ஃபோல்டரில் கையால் நகலெடுக்க வேண்டும், மறுபடி தொடங்க வேண்டும். ஓர் இயந்திரத்துக்கு இது பெரிய வேலை இல்லை. நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் இருக்கும் இடத்தில் இது பல இரவுகளின் வேலை. ஒன்றிரண்டு தவறிப்போவது நிச்சயம். அதோடு அது ஒரே ஒரு பேட்ச் அல்ல. 2002-ன் இரண்டாம் பாதியில் எஸ்கியூஎல் சர்வருக்கு மட்டும் அடுத்தடுத்துப் பாதுகாப்பு அறிவிப்புகள் வந்துகொண்டே இருந்தன. மாதத்தின் இந்த நாளில் வரும் என்று திட்டமிட முடியாத காலம் அது. எல்லாவற்றையும் சேர்த்த சர்வீஸ் பேக் 3, புழு கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்புதான் வெளியானது.

தரவுத்தள சர்வர் என்பது மற்ற சர்வர்களைப் போலவும் அல்ல. அதை நிறுத்தினால் அதன் மேல் நிற்கும் எல்லாமே நிற்கும். நிறுத்த அனுமதி கேட்டால் வணிகப் பிரிவு சம்மதிக்காது. பேட்ச் போட்ட பிறகு பழைய அப்ளிகேஷன் ஓடாமல் போனால் பழி டிபிஏ, அதாவது தரவுத்தள நிர்வாகி மேல். பேட்ச் போடாமல் தாக்குதல் வந்தால் பழி எல்லோர் மேலும் பங்கு பிரியும். இந்தக் கணக்கு மாறாதவரை, ஒரு நல்ல டிபிஏகூட "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்.

மைக்ரோசாஃப்ட்டின் சொந்த நெட்வொர்க்கிலேயே பேட்ச் போடாத சர்வர்கள் அன்று பாதிக்கப்பட்டன. ஒரு வருடத்துக்கு முன்புதான், 2002 ஜனவரியில், இனி பாதுகாப்புதான் முதல் வேலை என்று பில் கேட்ஸ் ஊழியர்கள் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். அந்த நிறுவனமே தன் பேட்சைத் தன் வீட்டில் முழுமையாகப் போட முடியவில்லை என்றால், சிக்கல் தனி மனிதர்களின் ஒழுக்கத்தில் மட்டும் இல்லை. பேட்ச் வந்த விதத்திலும் இருக்கிறது.

அன்று எப்படி அடங்கியது

சில மணி நேரத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் ரூட்டர்களில் யூடிபி 1434-க்குப் போகும் பாக்கெட்டுகளைத் தடுக்கத் தொடங்கின. புழு அடங்கியது. இதில் அதிர்ஷ்டமும் இருந்தது. இணையத்தின் குறுக்கே அந்த போர்ட்டை நியாயமான காரணத்துக்காகப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. அதனால் மொத்தமாகத் தடுக்க முடிந்தது. இதே ஓட்டை பெயர்ச் சேவையான டிஎன்எஸ் சர்வரில் இருந்திருந்தால், போர்ட் 53-ஐத் தடுப்பது இணையத்தையே நிறுத்துவதற்குச் சமம்.

பிறகு மாறியவை

தாக்குதல் நடந்த கையோடு மைக்ரோசாஃப்ட் பேட்சைத் தானே நிறுவிக்கொள்ளும் வடிவில் மறுபடி வெளியிட்டது. நெட்வொர்க்கில் எங்கெங்கே எஸ்கியூஎல் சர்வரும் எம்எஸ்டிஇயும் ஒளிந்திருக்கின்றன என்று தேடும் கருவிகளையும் கொடுத்தது. இரண்டும் ஜூலையிலேயே வந்திருக்க வேண்டியவை. 2003 அக்டோபரிலிருந்து பேட்ச்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரத் தொடங்கின.

வடிவமைப்பில் வந்த மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எஸ்கியூஎல் சர்வர் 2005-ல் அந்த விசாரணை வேலையை எஞ்சினிலிருந்து பிரித்து எடுத்து, எஸ்கியூஎல் சர்வர் பிரவுசர் என்ற தனிச் சேவையாக்கினார்கள். குறைந்த உரிமையுள்ள கணக்கில் ஓட்டலாம், தேவையில்லை என்றால் நிறுத்திவைக்கலாம். அதில் ஓட்டை வந்தாலும் தரவுத்தளம் உடனே கையைவிட்டுப் போகாது. இருந்தாலும் 1434 இன்னும் பல இடங்களில் இணையத்துக்குத் திறந்தே இருந்தது. 2015-ல், அந்தச் சேவையிடம் போலி முகவரியில் சிறு கேள்வி கேட்டு, அது தரும் பெரிய பதிலை வேறொருவர் மேல் கொட்டும் தாக்குதல்கள் நடப்பதாக அகமாய் நிறுவனம் எச்சரித்தது. இந்த முறை ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. அடையாளம் கேட்காமல் பதில் சொல்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

அதே இடம், வேறு நிறுவனம்

இதை ஒரு நிறுவனத்தின் தனிக் குறையாகப் பார்க்க முடியாது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கும் வாசலில் ஒரு சேவை உண்டு. லிஸனர் என்று பெயர், டிசிபி 1521-ல் காத்திருக்கும். தரவுத்தள இன்ஸ்டன்ஸ்கள் தொடங்கும்போது "நான் இங்கே இருக்கிறேன், இந்தச் சேவைக்கு வருபவர்களை என்னிடம் அனுப்பு" என்று லிஸனரிடம் பதிவு செய்துகொள்ளும். பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டரில், வேறு இயந்திரத்திலிருந்தும் பதிவு செய்ய முடிய வேண்டும்.

ஹோக்ஷியன் கோரெட் என்ற ஆய்வாளர் 2008-ல் கவனித்தது இதைத்தான்: பதிவு செய்பவர் யார் என்று லிஸனர் கேட்பதே இல்லை. ஏற்கெனவே இருக்கும் சேவையின் பெயரிலேயே தாக்குபவர் தன்னையும் பதிவு செய்துகொள்ளலாம். லிஸனர் இருவரையும் ஒரே சேவையின் இரு இன்ஸ்டன்ஸ்கள் என்று நம்பி, வருகிற இணைப்புகளைப் பங்கிட்டுக் கொடுக்கும். தன்னிடம் வந்த இணைப்பைத் தாக்குபவர் உண்மையான சர்வருக்குக் கடத்திவிட்டு, நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கலாம், மாற்றலாம். பஃபர் ஓவர்ஃப்ளோ இல்லை, நினைவகப் பிழை இல்லை, எல்லாம் வடிவமைத்தபடியே நடக்கிறது. இந்தக் குறை 1999-ல் வந்த பதிப்பிலிருந்தே இருந்தது.

அவர் ஆரக்கிளுக்குத் தெரிவித்தார். 2012 ஏப்ரலில் வந்த பேட்ச் அறிவிப்பில் அவர் பெயருக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஓட்டை சரியாகிவிட்டது என்று நம்பி அவர் விவரங்களை வெளியிட்டார். பிறகுதான் தெரிந்தது, அடுத்து வரப்போகும் பதிப்பில்தான் சரிசெய்திருக்கிறார்கள், பயன்பாட்டில் இருக்கும் எந்தப் பதிப்புக்கும் பேட்ச் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஆரக்கிள் சிவிஇ-2012-1675 என்ற எண்ணோடு தனி எச்சரிக்கை வெளியிட்டு, பதிவை யார் செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் அமைப்புகளைக் கையால் செய்துகொள்ளச் சொன்னது. கிளஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு அதில் குறியாக்க வசதி தேவைப்பட்டது. அதுவரை அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும், அந்தக் கட்டுப்பாட்டை இதற்காகத் தளர்த்தினார்கள். பதிவு செய்யும் இயந்திரத்தைச் சரிபார்ப்பதை 12சி பதிப்பில்தான் இயல்பாகவே இயங்கும்படி வைத்தார்கள். இங்கே "பேட்ச் போட்டீர்களா" என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. போட பேட்ச் இல்லை. அறிவிப்பைப் படித்து, புரிந்து, தன் அமைப்பை மாற்றியவர்கள் மட்டுமே தப்பினார்கள்.

அதே 2012 ஜூனில் மைஎஸ்கியூஎல்லில் ஒரு விசித்திரமான ஓட்டை வெளியானது, சிவிஇ-2012-2122. பாஸ்வேர்டை ஒப்பிடும் ஃபங்ஷன் தரும் எண்ணை ஒற்றை பைட்டாகச் சுருக்கியதில், சில கட்டமைப்புகளில், தவறான பாஸ்வேர்டும் 256-ல் ஒருமுறை சரியென்று ஏற்கப்பட்டது. சில நூறு முறை முயன்றால் ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியாக நுழைந்துவிடலாம். அதற்கு ஒரு விநாடிகூட வேண்டியதில்லை. இது வாசலிலேயே இருக்கும் பூட்டின் கோளாறு. வெளியாட்கள் அந்த போர்ட்டை எட்ட முடியாத இடங்களில் இந்த ஓட்டை யாரையும் பெரிதாக உறுத்தவில்லை.

இன்று ஒரு தரவுத்தள சர்வரைப் பரிசோதிக்கும்போது

பரிசோதனைப் பட்டியல்கள் பெரும்பாலும் பயனர் கணக்குகள், பாஸ்வேர்ட் விதிகள், குறியாக்கம், பேட்ச் எண் என்று போகும். அவை வேண்டும்தான். ஆனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. அந்த இயந்திரத்தில் எந்தெந்த போர்ட்கள் திறந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் காத்திருக்கும் நிரல் எது, லாகின் நடப்பதற்கு முன் அது எவ்வளவு வேலை செய்கிறது, எந்தக் கணக்கின் உரிமையில் ஓடுகிறது? இன்ஸ்டன்ஸ்களுக்கு நிலையான போர்ட் கொடுத்துவிட்டால் பிரவுசர் சேவையே தேவைப்படாது, நிறுத்திவிடலாம். லிஸனரில் பதிவு செய்ய அனுமதியுள்ள முகவரிகளைக் குறித்துக் கொடுத்துவிடலாம். இரண்டுமே சர்வரை நீண்ட நேரம் நிறுத்தாமல் செய்யக்கூடியவை.

அப்புறம், வாங்கிய மென்பொருட்களுக்குள் ஒளிந்திருக்கும் தரவுத்தளங்கள். எம்எஸ்டிஇ போய்விட்டது, அந்த இடத்தில் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் வந்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ரெடிஸ் என்று பலவும் தயாரிப்புகளுக்குள் பெட்டியோடு வருகின்றன. சொத்துப் பதிவேட்டை நம்பினால் இவை கிடைக்காது. நெட்வொர்க்கை ஸ்கேன் செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு விற்ற நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் தரவுத்தளத்துக்கு பேட்ச் வந்தால் அதைப் போடுவது அவர்கள் பொறுப்பா, நம் பொறுப்பா? பல ஒப்பந்தங்களில் இதற்குப் பதிலே இருக்காது.

மூன்றாவதாக, ஒப்பந்ததாரர் இணைப்புகள். ஃபயர்வால் விதிகளைப் படிப்பதோடு நிறுத்தாமல், ஃபயர்வால் வழியாக வராத இணைப்புகள் எவை என்று நெட்வொர்க் பிரிவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தால், அதன் மறுமுனையில் இருக்கும் சர்வர்களின் பேட்ச் நிலையும் நம் பரிசோதனை அறிக்கையில் இடம்பெற வேண்டும்.